புதுக் கையுறை

லேபின் பின்பக்கக் கொடியில் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. நேற்று போட்டுக் கழற்றியவை. சோப்புத் தண்ணீரில் அலசி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டவை. ஜஹீரா ஒவ்வொன்றாக எடுத்து, காற்றைப் பிடித்து வாயை முறுக்கி, விரல்களை அமுக்கிப் பார்த்தாள். ஓட்டை இருந்தால் புஸ்ஸென்று இறங்கிவிடும். இறங்காதவற்றில் பவுடர் தூவி மடித்து வைத்தாள். தாம்பரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் படிக்கும் பெண்களுக்குக் காலையில் இதுதான் முதல் வேலை.

பக்கத்தில் சந்திரிகா இடது தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"கையத் தூக்க முடியலடி. மூணாவது ஊசி நேத்துதான் போட்டாங்க. உனக்கு மூணாவது போட்டப்போ இப்படித்தான் வலிச்சுதா?"

"வலிச்சுது," என்றாள் ஜஹீரா.

அவள் ஒரு ஊசிகூடப் போட்டதில்லை.

வருஷ ஆரம்பத்தில் லேப் இன்சார்ஜ் லோகநாதன் வகுப்பில் கேட்டிருந்தார்: "மஞ்சள் காமாலை பி-க்கு தடுப்பூசி ஆரம்பிச்சவங்க மட்டும் கை தூக்குங்க. வார்டுல ரத்தம் எடுக்க அவங்களைத்தான் அனுப்புவேன்." முன்வரிசையில் சந்திரிகாவின் கை சட்டென்று உயர்ந்தது. புது வளையல் கலகலத்தது. அவளுடைய அப்பா ஊரப்பாக்கத்தில் வயலை விற்று டைல்ஸ் கடை வைத்தவர். மகள் கேட்ட அன்றே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார். ஜஹீராவின் அத்தா காஜா, மார்க்கெட் சந்தில் பைகளுக்கு ஜிப் தைப்பவர். "சீக்கு வந்தாத்தானேம்மா ஊசி? வராததுக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்கூட்டி சந்திரிகாவுக்கு, செல்போன் சந்திரிகாவுக்கு, இப்போது வார்டும் அவளுக்கா? ஜஹீராவின் கையும் தானாகவே மேலே போயிற்று.

அதற்குப் பிறகு வார்டில் ஜஹீராவின் கைதான் பேசப்பட்டது. நரம்பே தெரியாத நோயாளிக்கும் ஒரே குத்தில் ரத்தம் எடுப்பாள். நாவலூரில் புதிதாகத் திறக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ஒரு பெண்ணை அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து அவள் நினைப்பெல்லாம் அங்கேதான். சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வந்து போகிற இடம். அத்தாவின் முதுகு நிமிர்வதற்கு அந்த ஒரு வேலை போதும்.

அன்றைக்கு ஆண்கள் வார்டில், ஆபரேஷனுக்குக் காத்திருந்த பொன்னுரங்கம் என்ற பெரியவர் கையை நீட்டினார். "நீயே எடும்மா. அந்தப் பொண்ணு போன தடவ குத்திக் குத்தி சல்லடையாக்கிட்சி."

"தாத்தா, நான் இங்கதான் கீறேன்!" என்றாள் சந்திரிகா. வார்டே சிரித்தது.

ரத்தம் ஒரே இழுப்பில் வந்தது. சிரிஞ்சிலிருந்து குப்பிக்கு மாற்றியாயிற்று. ஊசி வெட்டும் மிஷின் கீழே லேபில் ஒன்றுதான் இருந்தது. அதனால் ஊசிக்கு மறுபடி மூடி போட்டுத்தான் ட்ரேயில் கொண்டுபோக வேண்டும். 'மூடி போடக்கூடாது' என்று பரீட்சையில் எழுதினால் மார்க். வார்டில் போடாவிட்டால் திட்டு. ஜஹீரா மூடியை இடது கையில் பிடித்தாள்.

"சந்திரிகா, நாவலூருக்கு நீதானாமே?" என்று சரசு சிஸ்டர் கேட்டது காதில் விழுந்தது. "உங்கப்பா சேர்மன் ரூம்ல டீ குடிச்சிட்டுப் போனாராமே?"

ஜஹீராவின் கண் அந்தப் பக்கம் திரும்பியது. ஊசி மூடியின் விளிம்பைத் தாண்டி, துவைத்த கையுறையைத் துளைத்து, ஆள்காட்டி விரலில் இறங்கியது.

ஒரு சொட்டு. அவ்வளவுதான். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். பின்னாலேயே வந்து நின்றாள் சந்திரிகா.

"குத்திக்கினியா? சார்கிட்ட சொல்லுடி."

"ஒண்ணுமில்ல. நான்தான் ஊசி போட்டிருக்கேனே."

லேபில் பெரியவரின் ரத்தத்தைச் சோதனை அட்டையில் விட்டதும் அவளேதான். முதல் கோடு உடனே வந்தது. அது எல்லோருக்கும் வரும். இரண்டாவது கோடு வரக்கூடாது. அது மெல்லப் புகைபோலத் தோன்றி, பிறகு ரோஜா நிறத்தில் நின்றது. மஞ்சள் காமாலை பி.

அட்டையைப் பார்த்த சந்திரிகா அவள் முகத்தையும் பார்த்தாள். "ஜஹீ... உண்மையச் சொல்லு. நீ ஊசி போடலதானே?"

"ஏன், போய் சொல்லப் போறியா? சொல்லு. நாவலூருக்கு நீ ஜாலியாப் போலாம்."

"லூசாடி நீ? ஒரு நாளுக்குள்ள மருந்து போட்டா காப்பாத்திக்கலாம்னு நாமதானே படிச்சோம்? நாவலூர்தான் பிரச்னைன்னா எனக்கு வேணாம். எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ போய் மருந்து கேளு."

அந்த வார்த்தைதான் ஊசியைவிட ஆழமாக இறங்கியது. இல்லாமல் ஏங்குகிறவள் ஒருத்தி. வேண்டாம் என்று தள்ளுகிறவள் ஒருத்தி. தள்ளுவதற்கும் கையில் இருக்க வேண்டியிருக்கிறது. சந்திரிகா தூக்கிப் போட்டு அதைத் தான் எடுப்பதா? ஜஹீரா விடுவிடுவென்று லோகநாதனின் அறைக்குப் போனாள்.

அவர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ எதுக்கும்மா கை தூக்கின?"

அவள் மூலையிலிருந்த ஃபிரிட்ஜைக் காட்டினாள்.

"சார், ஃபிரிட்ஜ்ல தடுப்பூசி இருக்கு..."

"அது இங்க பயிற்சிக்கு வர்ற எம்.பி.பி.எஸ். பசங்களுக்கு வந்த ஸ்டாக். இன்னைக்கு அவங்களுக்கு அதைப் போடுற கேம்ப். மேனேஜ்மென்ட்டைக் கேக்காம நான் தொட முடியாது. உனக்கு உடனே பாதுகாப்பு குடுக்கிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடணும், அது இங்க இல்லவே இல்ல. சாயங்காலம் அப்பாவக் கூட்டிக்கினு வெளிய பாத்துக்கோ. நீ பொய் சொன்னதுக்கு ஆஸ்பத்திரி பொறுப்பாகாது, புரியுதா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளையிலேருந்து வார்டு வேணாம். நாவலூர் இன்டர்வியூவுக்கு சந்திரிகா போகட்டும்."

"அத்தாக்கு ஒரு போன் பண்ணிட்டு இப்பவே கிளம்பட்டுமா, சார்?"

"கேம்ப்புக்கு ஆள் பத்தல. முடிச்சிட்டுப் போ."

மதியம் செமினார் ஹாலில் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் வரிசையில் நின்று ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். சரசு சிஸ்டர் ஊசி போட, ஜஹீரா பஞ்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். மேஜையில் ஐஸ் பெட்டி திறந்திருந்தது. உள்ளே சின்னச் சின்னக் குப்பிகள் வியர்த்துக்கொண்டிருந்தன.

"ஐயோ சிஸ்டர், வலிக்குது!" என்று முதல் பையன் தோளைப் பிடித்துக்கொண்டு துள்ளினான். ஜஹீரா அந்தத் தோளையே பார்த்தாள். அந்த வலி அவளுக்கு வேண்டியிருந்தது.

வாசலில் வந்து நின்ற லோகநாதனின் கண் அவள் விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் விழுந்தது. அவசரமாக உள்ளே வந்து, மேஜைக்கடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அட்டையைக் கிழித்தார். சீல் பிரிக்காத புத்தம் புதுக் கையுறைகள். அவள் இதுவரை தொட்டே இராதவை.

"இந்தாம்மா, கைக்கு ரெண்டு ரெண்டாப் போட்டுக்கோ," என்றார். "டாக்டருக்குப் படிக்கிற பசங்க. அவங்களுக்கு எதுவும் தொத்திக்கக் கூடாது."

ஜஹீரா ஒன்றின்மேல் ஒன்றாகக் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த பையன் கோட்டுக் கையை மேலே சுருட்டினான். அவள் பஞ்சை நீட்டினாள்.