தாளம்: செந்தமிழன்

1.

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. ஓர் இசைத்தட்டின் உறைக்குள் வைக்க நானூறு சொல்லில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான் கேட்டார்கள்.

கேட்டவர் ஜெயஸ்ரீ. பழைய ஆட்ட இசையைத் தேடிப்பிடித்துக் கறுப்புத் தட்டுகளாக வெளியிடும் சின்ன நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறார். எங்கள் செஞ்சியில் 1997 முதல் 2004 வரை 'மூணுமலை ஆடியோ' என்று ஒரு கேசட் கம்பெனி இருந்தது. மொத்தம் பத்தொன்பது கேசட். எல்லாமே பாட்டில்லாத டான்ஸ் இசை. அதைத்தான் தட்டாகப் போடப்போகிறார். நான் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன், அவ்வப்போது கதை எழுதுகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சுமலதா மேடம், நீங்க அந்தக் கேசட்டுக்கு ஆடியிருப்பீங்க இல்ல?" என்றார் போனில்.

ஆடியிருக்கிறேன். ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில், ஒன்பதாம் கேசட்டுக்கு. மற்றவர்கள் இடப்பக்கம் திரும்பியபோது நான் வலப்பக்கம் திரும்பினேன்.

முதல் தொடக்கம் இது:

"செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளுக்கும் நடுவே ஒரு காலத்தில்—"

நிறுத்திவிட்டேன். எதை எழுதினாலும் மலையிலிருந்து தொடங்குவது எனக்கு ஒரு வியாதி. மூணுமலை ஆடியோ திண்டிவனம் ரோட்டில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது.

2.

மூன்று பேர். விநாயகம், சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். பதிவு செய்யும் மெஷினும் கேசட் அட்டையும் அவர் பொறுப்பு. செந்தமிழன், வல்லத்துக்குப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவர். பாலிடெக்னிக் முடித்த கையோடு மின்தாளக் கருவியான ரிதம் பேடு வாங்கியவர். பத்தொன்பது கேசட்டிலும் உள்ள தாளமெல்லாம் அவருடையது. மூன்றாவது சுந்தராம்பாள், விநாயகத்தின் மனைவி. வீட்டில் இரண்டு டேப் டெக்கை வைத்துக்கொண்டு காப்பி போட்டவர்.

(என் முதல் வரைவில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். காப்பி போட்டவரைக் கலைஞராக எண்ண எனக்குத் தோன்றவில்லை. இந்த அடைப்புக்குறி என் தலையில் நானே வைத்துக்கொள்ளும் குட்டு.)

3.

ஜெயஸ்ரீதான் முதலில் கவனித்தார். முதல் ஆறு கேசட்டின் அட்டையில் 'தாளம்: செந்தமிழன்' என்று இருக்கிறது, கீழே காலனியின் பெயரோடு. ஏழாவதிலிருந்து அந்த வரி இல்லை. ஆனால் அதே ஏழாவதிலிருந்து ஒவ்வொரு பக்கமும் தொடங்கும்போது ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்கிறது: "மூணுமலை. தாளம் செந்தமிழன்."

அட்டையில் எடுத்த பெயரை நாடாவில் வைத்தது யார்? அது யார் குரல்?

அந்தக் குரல் வந்ததும் கையை மேலே தூக்க வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அது ஒருவரின் பெயர் என்றே எனக்குத் தெரியாது. தமிழ் வாழ்க என்பதுபோல ஏதோ ஒரு கோஷம் என்று நினைத்திருந்தேன். ஊரே அப்படித்தான் நினைத்திருக்கிறது.

4.

விநாயகத்தைப் போய்ப் பார்த்தேன். பழைய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அட்டையில பேர ஏன் மாமா எடுத்தீங்க?"

"ஒரு திருவிழாக் கமிட்டிலருந்து வந்து சொன்னாங்க. அந்தப் பேரும் ஊரும் இருக்குற கேசட்ட எங்க தெருவுல போட மாட்டோம், உன் சவுண்ட் சர்வீஸும் வேணாம்னாங்க. ஒருத்தரு சொன்னா நாலு ஊரு சொல்லும். பயந்துட்டேன். புது அட்டை அடிச்சேன்."

"உள்ள குரல் இருக்குதே?"

"அது அவன் போட்டது. கடைல ஒரு கேசட்ட ஓட்டறேன், பேரு வருது. யாரையோ பேச வெச்சுச் சேத்துட்டான்னு நெனச்சேன். நான் பண்ணதுக்கு அதக் கேக்க எனக்கு மூஞ்சி ஏது? அப்படியே விட்டுட்டேன்."

"எந்தக் கமிட்டி மாமா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதாம்மா?"

அன்று குறிப்பில் இப்படி எழுதினேன்: "விழாக் குழுவினர் சிலரின் வேண்டுகோளுக்கிணங்க—" மேலே போக முடியவில்லை. மேலே போக முடியாததற்கு வாக்கியத்தின் நீளம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5.

செந்தமிழன் இப்போது மின்வாரியத்தில் லைன்மேன். வல்லத்தில் டீக்கடை பெஞ்சில் வைத்துப் பேசினோம்.

"நானா போட்டேன்? இல்ல டீச்சர். ஏழாவது அட்டையப் பாத்ததும் பேட மூட்ட கட்டிட்டேன். இனிமே அங்க போறதில்லன்னு இருந்தேன். அப்பதான் பஸ்ல அந்தக் கேசட்ட ஓட்டறாங்க. எம் பேரு வருது. செஞ்சி வரைக்கும் எறங்காம கேட்டேன்."

"யாரு போட்டதுன்னு நெனச்சீங்க?"

"விநாயகண்ணன்தான்னு. பயந்த மனுசன், வெளியில எடுத்துட்டு உள்ள வெச்சிருக்காரு, அவரால முடிஞ்சது அவ்ளோதான்னு நெனச்சேன். அதனாலதான் விட்டுப் போகல. மேல பன்னெண்டு கேசட் அடிச்சுக் குடுத்தேன்."

ஜெயஸ்ரீ தட்டாகப் போட விரும்புவது பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டிலிருந்துதான்.

இந்த இடத்தில் என் கதாபாத்திரங்கள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பேர் அதன் பிறகும் பல வருடம் ஒரே அறையில் வேலை செய்திருக்கிறார்கள். 'நீதானே போட்டாய்' என்று ஒருவரையொருவர் கேட்கவே இல்லை. ஒருவருக்கு வெட்கம், இன்னொருவருக்கு நன்றி. கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

6.

"நான்தான்," என்றார் சுந்தராம்பாள். கேட்ட உடனே சொல்லிவிட்டார்.

"ஏன் அத்த இத்தன வருசமா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு வந்து கேட்டாங்க? நீதான் இப்ப கேக்குற."

"மாமாவுக்குக் குரல் தெரியலியா?"

"வீட்ல நான் பேசறத அவரு எங்க கேட்டாரு?" சிரித்தார். பிறகு சொன்னார்: "அந்தத் தம்பி எங்க வீட்டுல ஒக்காந்து சாப்ட்டவரு. ராத்திரி பகல்னு பாக்காம அடிச்சவரு. பேர எடுத்துட்டு வந்து நிக்கறாரு இவரு. அட்ட உங்க கையில இருக்குது, கேசட்டு எங் கையில இருக்குதுன்னு மனசுக்குள்ள நெனச்சிக்கினேன். ஸ்டேஜ் மைக்க சொருகி, காப்பி எடுக்கற மாஸ்டர் கேசட்லயே பேசிட்டேன். நாலு தடவ பேசினேன். மொத மூணு தடவ சரியா வரல."

"பயமா இல்லியா?"

"கமிட்டிக்காரரு ஒருத்தரு கேட்டாரு, அது இன்னா பேச்சுன்னு. தமிழப் பெருமையா சொல்றோம்ணேன்னு சொன்னேன். நல்லதும்மான்னுட்டுப் போயிட்டாரு."

7.

'கமிட்டிக்காரர் ஒருவர்.' 'விழாக் குழுவினர் சிலர்.' இந்தச் சொற்களின் பின்னால் இதுவரை ஒளிந்திருந்தேன். அந்த வருடம் குழுவின் செயலாளர் எத்திராஜ். என் அப்பா. என் நைனா. டயர் கடை மாடி ஏறிப் போய்ச் சொன்னவர் அவர்.

முறத்தில் கல் பொறுக்கியபடி உட்கார்ந்திருந்தார். கேட்டேன்.

"ஆமா, சொன்னேன்," என்றார். "அப்ப எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. நான் வாயத் தொறந்தேன், அவ்ளோதான்."

"வாயத் தொறந்தது நீதான நைனா?"

"எம் பேரையா போடப்போற?"

"எழுதலாம்னு இருக்கேன்."

"எழுபது வயசுல என்னத் தெருவுல நிக்க வெக்கணுமா?" கோபமில்லை அந்தக் குரலில். நிஜமாகவே கேட்டார். முறத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

அவர் என்னைச் சைக்கிளில் ஆண்டு விழாவுக்குக் கூட்டிப்போனவர். முன்வரிசையில் உட்கார்ந்து, அந்தக் குரலுக்கு நான் கை தூக்கியபோது கை தட்டியவர்.

8.

மறுபடி வல்லம் போய், அந்தக் குரல் சுந்தராம்பாளுடையது என்று செந்தமிழனிடம் சொன்னேன். பிறகு, "அண்ணே, அன்னிக்கு வந்து சொன்னது எங்க நைனா," என்றேன்.

"தெரியும் டீச்சர். மொத நாளே தெரியும்."

"பேர எழுதட்டுமா?"

அவர் கையுறையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எம் பேர எடுக்கறப்ப என்னக் கேட்டாங்களா? உங்க நைனா பேரப் போடறதுக்கு என்ன ஏன் கேக்குற? அது உன் வேல." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "குரல் குடுத்த அக்கா பேரு மொதல்ல வரட்டும். அதுக்கு மட்டும் நான் சொல்லுவேன்."

9.

முடிவுகள் இரண்டு எழுதிவைத்தேன். ஒன்றில் விநாயகமும் செந்தமிழனும் சந்தித்துக் கட்டிக்கொள்கிறார்கள். பொய். விநாயகம் போனில் பேசினார், செந்தமிழன் கேட்டுக்கொண்டார், இன்னும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. இன்னொன்றில் "அட்டையிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னவர் யார் என்பதை வாசகரே ஊகிக்கட்டும்" என்று முடித்திருந்தேன். அதைப் படித்தபோது இரண்டாவது முறை ஓர் அட்டையைத் திருத்தி அடிப்பதுபோல இருந்தது. கிழித்தேன்.

தட்டு வந்துவிட்டது. உறையில் 'குரல்: சுந்தராம்பாள்' முதலில். அடுத்து 'தாளம்: செந்தமிழன்', காலனியின் பெயரோடு. உள்ளே என் குறிப்பு, நானூற்றுப் பன்னிரண்டு சொல். அதில் ஒரு சொல் எத்திராஜ்.

போன ஞாயிற்றுக்கிழமை அதை நைனாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். அந்த வரி வந்ததும் விரல் நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போனது. கடைசி வரை படித்தார். உறையை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்று சொன்னார்.

பெயரை எழுத நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னேன். அவர் சொன்னதை இங்கே எழுத மட்டும் அனுமதி கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.