கசப்புக்குப் பின் ஒரு வாய்

ரயில் போன பிறகுதான் முட்டைகளைப் பார்த்தேன். தண்டவாளத்தின் ஓரமாக, ஜல்லிக் கற்கள் மேல் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது. முட்டைக்காரன் மோட்டார் சைக்கிளோடு அந்தப் பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் விழுந்து கிடந்தான். ரயில் அவனைத் தொடவில்லை. பின்னால் கட்டியிருந்த கூடைகளில் ஒன்றை மட்டும் உரசிக்கொண்டு போயிருந்தது. எழுந்து நின்று கால்களைத் தடவிப் பார்த்தான், பிறகு கைகளை. எல்லாம் இருந்தன. அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தான்.

மூங்கில் கேட் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. அதன் அடியில் பலகையில் வர்தோயோ உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்துதான் இருந்தன. மடியில் கிடந்த வாக்கி-டாக்கி, "கிழக்கேருந்து வருது வர்தோ, இருக்கியா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் கேட்டில் இரவு முறையை முடித்துவிட்டு எதிர்க் கடையில் சோத்தோ சூப் குடித்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் அவர் தோளை உலுக்கினேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் வரல லே" என்றார்.

எங்கள் கேட் ரயில்வேக்காரர்கள் வைத்தது கிடையாது. அவர்கள் வைக்கவே மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு தெருக்காரர்கள் நாங்களே நட்டது. ஒரு நீள மூங்கில், ஒரு முனையில் சிமெண்டு நிரப்பிய டப்பா, மறுமுனையில் கயிறு. பக்கத்துக் கடவில் இருப்பவன் வாக்கி-டாக்கியில் சொல்வான், நாங்கள் கயிற்றை இழுப்போம். கடந்து போகிறவர்கள் இன்னொரு டப்பாவில் சில்லறை போடுவார்கள். கேட் வந்ததற்குக் காரணம் ஒரு தாயும் மகளும். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ரயில் போன பிறகு அவர்களைப் பொறுக்கி எடுத்துச் சாக்கில் வைத்தவர்களில் வர்தோயோவும் ஒருவர். மறுவாரம் மூங்கில் வெட்டி வந்ததும் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நெஞ்சு படபடப்பு. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், வராத ரயில் காதில் கேட்கும். படுக்கையிலிருந்து எழுந்து வந்து, நான் முறையில் இருக்கும்போதே கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்றார்கள் தெருவில். எங்கள் ஊரில் தலைவலியிலிருந்து மாரடைப்பு வரை எல்லாமே முதலில் காற்று புகுந்ததுதான். அவர் மனைவி சுயாத்மி எண்ணெய் தடவி, காசால் முதுகைச் சுரண்டிவிடுவாள். சட்டையைக் கழற்றினால் மீன் முள்ளைப் போலச் சிவப்புக் கோடுகள் தெரியும்.

சுயாத்மி ஜாமு விற்கிறவள். விடியலில் இஞ்சியும் மஞ்சளும் இடித்துப் பிழிந்து, போத்தல்களில் ஊற்றிக் கூடையில் அடுக்கி, துணியால் முதுகில் கட்டிக்கொண்டு கிளம்புவாள். அவளுக்கு நல்ல வியாபாரம் எங்கள் கேட்டில்தான். மூங்கில் இறங்கினால் வண்டிகள் நிற்கும், நிற்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கண்ணாடிக் கிளாஸ் வாங்கிக் குடிப்பார்கள். கசப்பு ஜாமு குடித்தவன் முகத்தைச் சுளித்து முடிப்பதற்குள் அவள் கை வேறு போத்தலைத் திறந்திருக்கும். கசப்புக்குப் பின் இனிப்பாக ஒரு வாய். அதற்குக் காசு கிடையாது. ஜாமு விற்கிற எவளும் அதற்குக் காசு கேட்க மாட்டாள்.

முட்டை உடைந்த அன்று தெருத் தலைவர் சுகேந்த்ரோ வந்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். "ரோடு பூரா ஆம்லெட் போட்டுட்டியே வர்தோ" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்று சொல்லும்வரை மூங்கிலைத் தொடக்கூடாது. மாலைத் தொழுகை முடிந்ததும் எல்லோரும் தன் வீட்டில் கூடிப் பேசலாம் என்றார். அவருடைய மச்சினன் ஒருவன் வேலையில்லாமல் இருக்கிறான். பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் மோட்டார் சைக்கிளில் நான், அவர், சுயாத்மி மூவரும் நெருக்கி உட்கார்ந்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். அறைக்குள் நானும் போனேன். வர்தோயோ என் சட்டையை விடவில்லை.

டாக்டர் சின்னப் பெண். வர்தோயோவைப் பார்த்ததுமே கேட்டாள், "மாத்திரை அதுக்குள்ள தீந்துபோச்சா பாக்?" பெரியவர்களை எங்கள் பக்கம் பாக் என்றுதான் அழைப்போம்.

சுயாத்மி கணவரைப் பார்த்தாள். "எந்த மாத்திரை?"

வர்தோயோ மின்விசிறியைப் பார்த்தார். தான் சொல்லியிருக்கக் கூடாது என்று டாக்டருக்குப் புரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. மூன்று மாதமாகப் படபடப்புக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். மாத்திரைப் பட்டையைக் கேட்டருகே செங்கல் இடுக்கில் ஒளித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு இரவும் நான் உட்காரும் இடம் அது.

டாக்டர் நடந்ததைக் கேட்டாள். மாத்திரையோடு வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று அன்றைக்கே தான் கேட்டதாகவும் அவர் இல்லை என்றதாகவும் சொன்னாள்.

"இப்பவும் இல்லதான் டாக்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு ஜாமு மருந்தாகாது. மருந்து நோயாளிக்கு. நோயாளி ஆகாமல் இருக்கக் குடிப்பது ஜாமு. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டால் ஒருவனும் அதைச் சொல்ல மாட்டான், சோறு சாப்பிடுகிறேன் என்று சொல்லாததைப் போல. டாக்டர் வேறு தீவுக்காரி. அவளுக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஜாமு குடிக்கிறீங்களா?"

"ஜாமு குடிக்காதவன் எவன் இருக்கான்?"

அதில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டாள். சுயாத்மி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு இஞ்சி, மஞ்சள், புளி, வெல்லம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பிறகு, "ஜாதிக்காய்" என்றாள். "தூக்கமே இல்லாம எழுந்து எழுந்து ஓடுவாரு. அதனால ராத்திரி கிளாஸ்ல கொஞ்சமா சுரண்டிப் போட்டேன். சொச்சொக்னு சொன்னாரு. சரின்னு கூட்டினேன். மறுபடி சொச்சொக்னாரு. காலைலயும் போட ஆரம்பிச்சேன்."

சொச்சொக் என்றால் பொருந்திவிட்டது என்று அர்த்தம். எங்களிடம் எந்த மருந்தும் எல்லோருக்கும் வேலை செய்யாது, ஆளுக்குப் பொருந்த வேண்டும், பெண் பொருந்துவது மாதிரி. அவருக்குத் தூக்கம் வரவைத்தது முதலில் மாத்திரைதான். அதைச் சொல்ல முடியாமல் பெருமையைக் கிளாசுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெருமைக்காக அவள் இன்னொரு ஜாதிக்காயை எடுத்திருக்கிறாள்.

"நீங்க சொச்சொக்னு சொன்னது எதுக்கு?" என்று சுயாத்மி கேட்டாள். குரலில் கோபம் இல்லை. "என் ஜாமுக்கா, மாத்திரைக்கா?"

"தூக்கம் வந்துச்சு. யாரால வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்."

இரண்டும் ஆளை ஒரே பக்கம், தூக்க மயக்கத்துக்குத் தள்ளுகின்றன என்றாள் டாக்டர். ஜாதிக்காய் இனி ஒரு துளியும் கூடாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பார்த்துக் குறைக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து வரவேண்டும், அதுவரை கேட் வேண்டாம். "மருந்தோ மருந்து இல்லையோ, வாய்க்குள்ள போறது எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லணும்" என்று இருவரிடமும் சொன்னாள்.

திரும்பி வரும்போது என் முதுகுக்குப் பின்னால் அவர் ஒரே ஒரு தடவை பேசினார். "பைத்தியக்காரன் கைல யாராவது கேட்டக் குடுப்பாங்களா, யாத்மி?"

அவள் பதிலை மாலையில்தான் சொன்னாள். சுகேந்த்ரோ வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். முட்டைக்காரனும் வந்திருந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று தலைவர் கேட்டதும் வர்தோயோ வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ராத்திரி தூங்கணும்னு ஜாமுல ஜாதிக்காய் போட்டேன். அளவு கூடிப்போச்சு. கை என்னுது. அவர் மேல தப்பில்ல."

மாத்திரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அன்று காலையில் அவளிடம் வாங்கிக் குடித்தவர்கள். லஸ்மி என்று ஒருத்தி, தினமும் மகனைப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறவள், மெதுவாகக் கேட்டாள்: "என் பையனுக்குக் குடுக்கறியே, அதுல என்ன போடற?"

ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று முடித்தார் சுகேந்த்ரோ. எங்கள் தெருவில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். வர்தோயோ பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியிருக்கலாம். மாத்திரை வெளியே தெரிந்து பைத்தியம் என்று பெயர் வந்தால் ஒரு வாரம் என்ன, ஒரு வருடம் கழித்தும் கயிறு அவர் கைக்கு வராது. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் என் முறை முடிந்தும் நான்தான் கேட்டில் இருந்தேன். சுயாத்மி வழக்கம் போலக் கூடையோடு வந்தாள். போத்தல்கள் நிரம்பியே இருந்தன, தெரு முழுக்க நடந்து வந்த பிறகும். வாக்கி-டாக்கி மேற்கேயிருந்து வருது என்றது. கயிற்றை இழுத்தேன். மூங்கில் இறங்கியது, வண்டிகள் நின்றன. எல்லோரும் தண்டவாளத்தையே பார்த்தார்கள். லஸ்மியின் மகன் மட்டும் போத்தலைக் காட்டி ஏதோ கேட்டான். லஸ்மி அவன் தலையை முன்பக்கமாகத் திருப்பினாள்.

அப்போது வர்தோயோ வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மூங்கிலுக்கு இந்தப் பக்கம் வராமல், வண்டிக்காரர்களோடு ஒருவராக வெளியே நின்றார். செங்கல் இடுக்கு அவர் கைக்கு எட்டுகிற தூரம்தான். குனிந்து பட்டையை எடுத்து, அவ்வளவு பேர் நடுவில் ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். நெருக்கித் தள்ளியதில் தகடு சத்தமாகக் கிழிந்தது.

"என்ன மாத்திரை பாக்?" என்றாள் லஸ்மி.

"பயத்துக்கு." தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னார். "ரயில் வராதப்பவும் எனக்கு ரயில் கேக்கும். அதுக்கு இது. என்னக் கவுத்தது இதுவும் ஜாதிக்காயும் சேந்துதான். அவ ஜாமுவக் குத்தம் சொல்லாதீங்க. உங்க யாருக்கும் அவ ஜாதிக்காய் போட்டதில்ல."

நேற்றைய முட்டைக்காரன் புதுக் கூடைகளோடு முன்வரிசையில் நின்றிருந்தான். அவரை மேலும் கீழும் பார்த்தான். "இப்ப கேக்குதா?"

"கேக்குது. இது நெசமாவே வருது."

சிலர் சிரித்தார்கள். என்ன வகைச் சிரிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. தூரத்தில் ஊதல் கேட்டது. அவருடைய வலது கை தானாக எழுந்து, கயிறு இருக்க வேண்டிய இடத்தில் காற்றைப் பிடித்தது, இறங்கியது. மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். முகம் சுளித்தது.

சுயாத்மியின் கை அதற்குள் போத்தலைத் திறந்துவிட்டது. பழக்கம். கிளாசில் அடி நனைகிற அளவு மஞ்சளும் புளியும் கலந்த இனிப்பை ஊற்றி நீட்டினாள். நீட்டிய பிறகுதான் தயங்கினாள். இதற்கும் டாக்டரைக் கேட்க வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரும் கையை நீட்டிவிட்டு எடுத்துக்கொள்ளாமல் நின்றார். ரயில் வந்தது. தரை அதிர்ந்தது. இரண்டு கைகளுக்கும் நடுவில் அந்தக் கிளாசில் ஒரு வாய் மஞ்சள் நீர் நடுங்கிக்கொண்டே இருந்தது.