முப்பத்தொன்றாம் எண் குறிப்பு

லயனல் சீட்டைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முப்பத்தொன்றாம் எண் குறிப்பை வாசித்தார். "நாலாம் புத்தகத்தில் அரசியின் படுக்கையை நனைத்தது யார்? மழையைக் குற்றம் சொல்லாதே. தெற்குக் கோபுரத்துக் கூரையில் ஈயத்தகடு படிந்திருக்கும் விதத்தைப் பார்." வாசித்துவிட்டு, கையில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் சீட்டை மேசையில் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதியது என் கணவன் நெவில் என்று இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் கூரை போட்டவன். எங்கே ஒழுகினாலும் மழையைக் குற்றம் சொல்லாதே என்பான். அந்த நிமிஷத்தில் நெவில் கீழே தெருவோரம் எங்கள் வேனில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"இது குறிப்பா? கவுன்சிலுக்குப் போடற புகார் மனு மாதிரியில்ல இருக்கு" என்றார் லயனல். மறுபடியும் சிரிப்பு. எனக்கு வந்த கோபம் இன்னார் மேல் என்றில்லை. என் கை கிளாஸுக்கு அடியில் வைக்கும் பீர் அட்டைக்குப் போனது. ஏழு பேரில் முதல் ஆளாக நான்தான் அட்டையைக் கவிழ்த்தேன்.

அட்டையைக் கவிழ்ப்பது எங்கள் வழக்கம். ஹாலிஃபாக்ஸில் இந்த பப்பின் மாடி அறையில் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடுகிறோம். உப்புக்கோட்டைக் கதைகள் ஒன்பது புத்தகத்தையும் கரைத்துக் குடித்தவர்கள். அதில் வருகிற ஆட்கள், ஊர்கள், மிருகங்களின் பெயர்களை விடையாக ஒளித்துவைத்துப் புதிர்க் குறிப்புகள் எழுதுவோம். குறிப்பில் பெயர் போடக்கூடாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், தபாலில் பப்புக்கு வரும். எங்கள் செயலாளர் மொராக் பிரித்து, எண் போட்டு, கவரில் இருக்கும் எழுதியவரின் பெயரைத் தன் நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவில் போடுவாள். விடை கிடைத்தவர் பென்சிலால் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மற்றவர்களுக்கும் கிடைக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். குறிப்பு மோசம் என்றால் பீர் அட்டையைக் கவிழ்க்க வேண்டும். ஏழும் கவிழ்ந்தால் சீட்டு கணப்படுப்புக்குப் போகும்.

ஒரு நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்றால், "நகரவாசியின் வயிற்றுக்குள் படுத்திருக்கும் பறக்கும் நாகம்" என்று இருக்க வேண்டும். நகரவாசி என்ற சொல்லின் உள்ளேயே கரவா படுத்திருக்கிறது, மூன்றாம் புத்தகத்தின் நாகம். பார்க்கிறவனுக்கு ஒன்று தெரியும், உள்ளே வேறொன்று இருக்கும். அது என்னுடையது. அன்றைக்கு யார் எழுதியது என்று ஊகித்து லயனல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருட்கள் ஜன்னலில் உட்கார்ந்து, குடையும் ஒற்றைக் கையுறையும் எடுத்துக் கொடுக்கிறவள். இவர்கள் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வதை நிறுத்த நாலு வருஷம் ஆயிற்று. அந்த அறையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. வேறு எங்கேயும் எனக்கு அப்படி ஒன்று கிடையாது.

ஏழு அட்டையும் கவிழ்ந்தன. மொராக் கடைசியாக, என்னைப் பார்க்காமல் கவிழ்த்தாள். லயனல் சீட்டை நெருப்பில் போட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நெவில் எப்படிப் போயிற்று என்று கேட்டான். எப்போதும் கேட்பதுதான். இவன் எதற்கு இதற்குள் வருகிறான், உலகத்தில் வேறு வேலையே இல்லையா என்று எனக்குள் கொதித்தது. ஒரு குப்பை வந்தது, அடுப்பில் போட்டோம் என்றேன். அவன் கியரை மாற்றினான். மீன் வாங்கிக்கொண்டு போகலாமா என்று மட்டும் கேட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கூரையிலிருந்து விழுந்து நெவிலின் வலது முழங்கால் நொறுங்கிப் போனது. வேன் ஓட்டுவான், ஏணி ஏற முடியாது, படி ஏறுவதே சிரமம். நாள் முழுக்க வீட்டில் இருந்தான். அப்போது ஒரு தடவை உப்புக்கோட்டையைப் பற்றி என்னிடம் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்பதுகூட ஞாபகமில்லை. விடு, அதெல்லாம் உனக்குப் புரியாது என்று நான் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை அவன் பேப்பர் வாங்கப் போனபோது என் அலமாரியிலிருந்து நாலாம் புத்தகத்தை எடுத்தேன். ஓரங்களில் கோடு போட்டிருந்தது. தச்சர்களும் கூரை போடுகிறவர்களும் காதில் செருகிக்கொள்ளும் தட்டைப் பென்சிலின் தடித்த கோடு. என் புத்தகத்தில். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கோடு போட்ட இடங்களைப் படித்தேன். படிக்கப் படிக்க, அவன் மேல் இருந்த கோபம் போய் வேறு மாதிரிக் கோபம் வந்தது.

நாலாம் புத்தகத்தில் ஓர் இரவு தெற்குக் கோபுரம் ஒழுகி அரசியின் படுக்கை நனைகிறது. அவள் எழுந்துபோய்ச் சமையலறையில் அடுப்போரம் தூங்குகிறாள். கொல்ல வந்தவர்கள் வெறும் படுக்கையைக் குத்திவிட்டுப் போகிறார்கள். வெறும் அதிர்ஷ்டம், எழுதியவரின் சோம்பேறித்தனம் என்று எல்லா வாசகர்களும் சொல்வார்கள். லயனல் எங்கள் செய்திமடலில் இதைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆனால் மூன்று அத்தியாயத்துக்கு முன்னால், ஓல்வன் என்ற கொத்தன் அந்தக் கூரைக்கு ஈயத்தகடு போடுகிறான். உச்சியில் தொடங்கி ஒவ்வொரு தகடாகக் கீழே இறங்கினான், ஒவ்வொன்றும் முந்தியதன் விளிம்பை மூடிற்று என்று ஒரே ஒரு வரி. அந்த ஓரத்தில் நெவில் எழுதியிருந்தான்: யாரும் மேலிருந்து தொடங்கமாட்டான். கீழிருந்துதான் போவான். இப்படிப் போட்டால் வழிகிற தண்ணீர் கீழ்த்தகட்டுக்கு அடியில் நுழைந்து உள்ளேதான் வரும். இது தெரிந்தே செய்தது.

ஓல்வனைத் துரோகி என்று ஐந்தாம் புத்தகத்தில் தூக்கில் போடுகிறார்கள். பதினோரு தடவை படித்திருக்கிறேன். பதினோரு தடவையும் அவன் சாகட்டும் என்றுதான் நினைத்தேன். அவன்தான் கூரையை ஒழுகவிட்டு அவளைக் காப்பாற்றியவன் என்று கண்டுபிடித்தது, ஒரே ஒரு தடவை படித்த என் புருஷன். நான் புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். அவன் வந்ததும் ரொட்டி கருகிவிட்டது என்று அவனோடு சண்டை போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை முப்பத்தெட்டு என்ற எண்ணில் இன்னொன்று வந்தது. அதே தட்டச்சு, அதே ஈயம், கொஞ்சம் நீளம். நான் மறுபடியும் அட்டையைக் கவிழ்த்தேன். அதற்கு அடுத்த வாரம் நாற்பத்திரண்டு வந்தபோது லயனல் அதை வாசிக்கவே இல்லை. சீட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"போதும். மொராக், நோட்டை எடுங்க. இந்த ஆள் யாருன்னு பார்த்து, இனிமே அனுப்ப வேண்டாம்னு மரியாதையா ஒரு கடிதம் போட்டுடலாம். புத்தி கம்மியா இருக்கறது குத்தமில்ல, அதை வாராவாரம் தபால்ல அனுப்பறதுதான் குத்தம்."

பெயரைத் திறக்க வேண்டுமென்றால் ஏழு பேரும் கை தூக்க வேண்டும் என்பது விதி. ஐந்து கை உடனே எழுந்தன. மொராக் நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மெதுவாகத் தன் கையையும் தூக்கினாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். வந்த கவரில் என் வீட்டு விலாசமே இருந்திருக்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையைத் தூக்கினால் நெவிலின் பெயர் வெளியே வரும், எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். இந்த நாற்காலியில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்குக் கீழே ஆடுவதுபோல் இருந்தது. லயனல் ஊக்குவிக்கிற மாதிரிப் புன்னகைத்தார். பள்ளிக்கூடத்தில் மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்குச் செய்வதுபோல. அந்தப் புன்னகைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

பையிலிருந்து நாலாம் புத்தகத்தை எடுத்தேன். அதை ஏன் அன்றைக்குக் கொண்டுபோனேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஓல்வன் தகடு போடுகிற வரியைப் படித்தேன். பிறகு நெவில் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். கூரையைப் பற்றி உங்களில் யாருக்காவது ஏதாவது தெரியுமா, அவன் சொல்வது தப்பென்று ஒருத்தர் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேட்டேன். மொராக் மட்டும் ஓல்வன், ஐயோ ஓல்வன் என்று முணுமுணுத்தாள்.

லயனல் புத்தகத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். அவர் காது சிவந்தது. ஆறு பக்கம் எழுதிய மனுஷன் அல்லவா. "சரி, கவனிச்சிருக்கார். நான் மறுக்கல. ஆனா இது குறிப்பு இல்லையே கிளெனிஸ். இதுல எதுவும் ஒளிஞ்சிருக்கல. கேள்விதான் இருக்கு."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி ஆயிற்று.

"என் புருஷன் எழுதினது. கூரை போடறவன். ரெண்டு வருஷமா கீழ வேன்ல உக்காந்திருக்கான். உங்கள்ல ஒருத்தராவது மேல வான்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

நானும் கூப்பிட்டதில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கனிவாகிவிட்டார்கள். அடடா, முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அருமையான மனுஷன், பாவம், கூப்பிடுங்கள், ஒரு கிளாஸ் பீர் வாங்கித் தருகிறோம் என்றார்கள். லயனல்கூட ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சிரித்ததைவிட அது மோசமாக இருந்தது. நான் கீழே இறங்கினேன்.

நெவில் வேனில் பன்றிக்கறி அடைத்த பேஸ்ட்ரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் மீதியைக் காகிதத்தில் சுற்றி வைத்தான். சொல்லிவிட்டேன், உன்னை மேலே கூப்பிடுகிறார்கள் என்றேன். சந்தோஷப்படுவான் என்று நான் நினைத்திருக்க வேண்டும். அவன் முகம் கறுத்தது. முப்பத்தோரு வருஷத்தில் அவன் என்னிடம் குரலை உயர்த்தியது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். இப்போதும் உயர்த்தவில்லை.

"யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?"

"லயனல் உன்னை முட்டாள்ங்கறான் நெவில். நான் வாயை மூடிட்டு உக்காந்திருக்கணுமா?"

"ஆமா. மூடிட்டு உக்காந்திருக்கணும். பேரு போடாத எடம்னு நீதானே சொன்ன. கிளெனிஸோட புருஷன், கால் ஒடைஞ்சவன், பாவம்னு ஒருத்தனும் சொல்லமாட்டான். நல்லாருந்தா நல்லாருக்குன்னுவான், இல்லேன்னா நெருப்புல போடுவான். அது போதும்னுதான் எழுதினேன். போட்டாங்க. சரின்னு அடுத்தது எழுதினேன். நாலு வாரமோ நாப்பது வாரமோ, ஒரு நாளைக்கு ஒழுங்கா ஒண்ணு எழுதியிருப்பேன். இப்ப என்ன எழுதுவேன்? எதை எழுதினாலும் கை தட்டுவாங்க."

தெருவில் பேருந்து ஒன்று போயிற்று. அவன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன் அம்மணி. முதல்ல அட்டையைக் கவுத்தது யாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். லயனல் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

"நான்."

"என்னுதுன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"ரெண்டாவதுக்கும்?"

"ரெண்டாவதுக்கும்."

அவன் தலையை ஆட்டினான், ஒரு சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஈரம்தான் என்று தெரிந்துகொண்டவன் மாதிரி. பிறகு கதவைத் திறந்து, வலது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து இறங்கினான். வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். "பேரு வெளிய வந்தாச்சு, இனி ஒளிஞ்சு உக்காரமாட்டேன்" என்றபடி பப்புக்குள் போனான். மாடிப்படிக்கு அடியில் நின்று தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தான். நான் அவன் முழங்கையைப் பிடித்தேன். கையை உதறினான்.

படி செங்குத்தாக, குறுகலாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த படிக்கு ஏறினான். மேலே பேச்சு நின்றுவிட்டது. அவன் பூட்ஸின் அடி என் முகத்துக்கு நேராக இருந்தது. விழுந்தால் பிடிக்கலாம் என்று இரண்டு கையையும் விரித்தபடி நான் பின்னால் ஏறினேன். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே, தள்ளி வா என்றான். ஒரு படி இறங்கி நின்றேன். அவன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தான்.