பயனாளி நிற்க வேண்டிய இடம்

எல்வின் ஐந்தரைக்கு எழுந்தான். பாயைச் சுருட்டினான். பல் தேய்த்தான். டீ போட்டுக் குடித்தான். கொடியில் கிடந்த சட்டையை இரண்டு முறை உதறிப் போட்டுக்கொண்டான். இப்போதெல்லாம் உதறாமல் எதையும் தொடுவதில்லை.

அன்று வீட்டுத் திட்டத்துக்கு ஓவர்சியர் வரும் நாள். வீடு அவன் மனைவி விண்ணரசி பெயரில்தான் வந்தது. அவள் போய் நாலு மாதம் ஆகிவிட்டது. வாரிசுச் சான்றிதழ் கொடுத்து, பாபநாசம் ஆபீசுக்கு ஏழு நடை நடந்து, அவன் பெயருக்கு மாற்றியாயிற்று. அஸ்திவாரத்தின் முன் பயனாளி நிற்கும் படம் இன்று ஆன்லைனில் ஏறாவிட்டால் வீடு ரத்தாகிவிடும்.

உத்தரவு போன ஐப்பசியில், அவள் இருக்கும்போது கைக்கு வந்தது. முப்பது நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்றிருந்தது. அந்தப் பக்கத்தில் அறுவடை முடிந்து மாசியில்தான் கூரையில் கைவைப்பார்கள்.

"மழை முடியட்டுங்க. ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றாள் விண்ணரசி.

"எழுத்துலயே இருக்கு. கேக்க என்ன இருக்கு?" பி.காம். படித்தவன் அவன்.

பக்கத்து வீட்டு சதீஷ் வேலியோரம் நின்று சிரித்தான். "ஐப்பசியில கூரையப் பிரிக்கிற ஆள இப்பத்தான்டா பாக்குறேன். படிப்பு முத்திப்போச்சு."

பிரித்தான். தார்ப்பாய்க் கொட்டகைக்குக் குடிபோனார்கள். குழி வெட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் காலை, அடுப்பெரிக்கப் பழைய கீற்றுக் குவியலில் கைவிட்டாள் விண்ணரசி. உள்ளே கட்டுவிரியன் இருந்தது.

ஓவர்சியர் கலைமகள் பத்து மணிக்கு வந்து செல்போனை உயர்த்திப் பிடித்தார். "கொஞ்சம் இடப்பக்கம் தம்பி. வாசப்படி வர்ற இடத்துல நில்லுங்க."

நின்றான்.

"அந்த மழையில போயி ஏன் ஆரம்பிச்சீங்க?"

"முப்பது நாள்னு போட்டிருந்துச்சு மேடம்."

"அது எல்லா உத்தரவுலயும் போடுறதுதான். கேட்டவங்களுக்கெல்லாம் தை வரைக்கும் விட்டோமே." படம் ஏறிவிட்டது. வீடு உறுதியாயிற்று.

அவர் போனதும், சோறு கொண்டுவந்திருந்த மாமியார் ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாக்கக் குடுத்து வைக்கலியே எம்பொண்ணுக்கு. கடைசியா மாதாவத்தானே கூப்பிட்டா?"

ஆஸ்பத்திரி வாசலில் அப்படிச் சொன்னது அவன்தான்.

"ஆமா அத்தை."

ஆம்புலன்சில், இமை தூக்க முடியாமல், வாய் குழற, விண்ணரசி அவனிடம் கேட்டது இதுதான்:

"சிமெண்டு மூட்டைய மூடிட்டு வந்தீங்களா? நனைஞ்சிடும்."