சிவப்பு மூடி ஊசி

துரைக்குப் பதின்மூன்று வயதில் சர்க்கரை வியாதி வந்தது. பூனைக்குச் சர்க்கரையா என்று கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். துரையை வளர்த்த அவள் மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு, மூத்திரம் பெய்யும் மண் தட்டைக் குளமாக்கிவிட்டு, பின்னங்கால்களைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்கும் கிழட்டுப் பூனையை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தானே.

கால்நடை டாக்டர் ஒரு குப்பி இன்சுலினும் ஒரு துண்டுச்சீட்டும் கொடுத்தார். காலை ஆறு மணிக்கு மூன்று யூனிட், மாலை ஆறு மணிக்கு மூன்று யூனிட். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். ஊசியை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். சீட்டில் ‘இன்சுலின் ஊசி’ என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்துக்கடைக்காரர் ஆரஞ்சு மூடி போட்ட ஊசி நூறு அடங்கிய பெட்டியை எடுத்து நீட்டினார்.

அவளுக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. மூக்குக்கண்ணாடிச் சில்லைச் சட்டத்துக்குத் தக்கபடி அறுத்து, விளிம்பைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சில்லு நிற்காது. அந்தக் கைக்கு ஊசி இரண்டே நாளில் பழகிவிட்டது. துரை தட்டில் மும்முரமாக இருக்கும்போது பிடரித் தோலைத் தூக்கிப் பிடிப்பாள், குத்துவாள், எடுப்பாள். துரை தலையைக்கூடத் தூக்காது. மாலை ஊசிக்காக முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடித் தினமும் அரை மணி முன்னதாகக் கிளம்பினாள்.

இத்தனை செய்தும் சர்க்கரை இறங்கவில்லை.

“நானூத்தி நாப்பது” என்றார் டாக்டர். “வேற என்னம்மா குடுக்கறீங்க இதுக்கு?”

“நீங்க சொன்னதைத் தவிர ஒண்ணும் இல்ல டாக்டர்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. பாவமேன்னு ஒரு வாய் பால், ஒரு துண்டு பிஸ்கட். உங்க பாசமே அதைக் கொன்னுடும், சொல்லிட்டேன்.”

மூன்று யூனிட்டை நான்காக்கினார். அடுத்த தடவை ஐந்து. அதற்கடுத்த தடவை ஆறு. அன்றைக்குக் கணினியில் அவர் ஏதோ தட்டுவதை அவள் எட்டிப் பார்த்தாள். ‘உரிமையாளர் ரகசியமாகத் தீனி கொடுக்கிறார்’ என்றிருந்தது. பக்கத்தில் நின்ற கணவரும் படித்துவிட்டார்.

வீட்டுப் படி ஏறும்போதே கணவர் ஆரம்பித்தார். “உன் இளகின மனசு எனக்குத் தெரியாதா? நான் இல்லாத நேரம் பாத்துக் குடுக்கறியா?”

“சத்தியமா இல்லைங்க.”

“அப்ப டாக்டர் என்ன பொய்யா சொல்றாரு?”

மறுநாள் சமையலறை அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் சட்டைப்பையில். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள், தன் வீட்டில் ஒரு பால்மாவு டப்பாவை எடுக்கப் புருஷனிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. அதைவிடக் கொடுமை, ஒருநாள் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்ததுதான். தூக்கத்தில் எழுந்து எதையாவது கொடுத்துத் தொலைக்கிறோமோ என்று, காலையில் தன் விரல்களைத் தானே முகர்ந்து பார்த்தாள்.

ஏழு வாரத்தில் பெட்டி காலியானது. ஆரஞ்சு மூடி இருப்பு இல்லை என்று மருந்துக்கடைக்காரர் சிவப்பு மூடி போட்டதைக் கொடுத்தார்.

“இதுவும் அதுவும் ஒண்ணா அண்ணே?”

“ஊசின்னா ஊசிதான்க்கா. மூடிதான் வேற.”

அன்று மாலை ஆறு மணி. துரை சாப்பிட்டு முடித்திருந்தது. புது ஊசியில் ஆறாம் கோடு வரை மருந்தை இழுத்தவள், அப்படியே நின்றாள். கண்ணுக்கு ஏதோ உறுத்தியது. இவ்வளவு மருந்தை அவள் ஒருநாளும் ஏற்றியதில்லை.

ஊசியைக் கீழே வைத்தாள். காலையில் போட்ட பழைய ஊசியைத் தேடி எடுத்து, அதில் ஆறாம் கோடு வரை தண்ணீர் இழுத்து, இரண்டையும் விளக்கடியில் பக்கம் பக்கமாகப் பிடித்தாள். அதே ஆறு. ஆனால் சிவப்பு மூடியில் இரண்டரை மடங்கு இருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். ஆரஞ்சு ஊசியில் நூறு என்றிருந்தது. சிவப்பில் நாற்பது. குப்பியிலும் நாற்பது. ஒரு மில்லிக்கு இத்தனை யூனிட் என்ற கணக்கு அது. நாற்பதாம் நம்பர் மருந்துக்கு நூறாம் நம்பர் ஊசி. மூன்று என்று நினைத்துப் போட்டதில் ஒன்றேகால்கூடப் போகவில்லை. சர்க்கரை எங்கிருந்து இறங்கும்?

பார்க்காமல் இன்றைக்கு அந்த ஆறை ஏற்றியிருந்தால் துரை விடிவதற்குள் விறைத்துப்போயிருக்கும். அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழுந்திருக்கும்.

“ஏங்க, இங்க வாங்க” என்றாள். அவர் வந்தார். இரண்டு ஊசியின் எண்ணையும் குப்பியின் எண்ணையும் காட்டினாள்.

“அப்ப நீ...”

“ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னேன். காதுல வாங்கினீங்களா? பூனையைத் தூக்குங்க.”

டாக்டரிடம் போகிற வழியில் மருந்துக்கடை. “சீட்டுல இருந்ததைத்தான்க்கா குடுத்தேன். டாக்டரைப் போய்க் கேளுங்க” என்றார் கடைக்காரர். டாக்டர் இரண்டு ஊசியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடையில பாத்துக் குடுத்திருக்கணும். நீங்களும் கொஞ்சம் கவனிச்சிருக்கணும்மா” என்றார்.

அவ்வளவுதான்.

“நான் கவனிச்சதாலதான் டாக்டர் இது உயிரோட உங்க மேஜை மேல உக்காந்திருக்கு! எந்த ஊசின்னு எழுதாதது நீங்க. பாக்காம எடுத்துக் குடுத்தது அவரு. திருட்டுப் பட்டம் மட்டும் எனக்கா? என் வீட்டு அலமாரிக்குப் பூட்டு தொங்குது, தெரியுமா உங்களுக்கு? அதுல எழுதி வச்சிருக்கீங்களே, அதை அழிங்க.”

“பழைய குறிப்பை அழிக்க முடியாதும்மா.”

“அப்ப கீழ எழுதுங்க. நான் பாக்கணும்.”

வெளியே நாயோடு காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். உதறினாள். டாக்டர் காது சிவக்கத் தட்டினார்: ‘ஊசி மாறியதால் தவறு நேர்ந்தது. உரிமையாளர்மேல் குறை இல்லை.’

“நேர்ந்ததுன்னா? யாரால நேர்ந்தது? மழையாலயா?”

டாக்டர் மறுபடி கணினிப் பக்கம் திரும்பினார். பிறகு, ‘மருத்துவர் ஊசியின் வகையைக் குறிப்பிடவில்லை’ என்று சேர்த்தார். அவள் எழுத்து எழுத்தாகப் படித்து முடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

சிவப்பு மூடி ஊசியில் இரண்டு யூனிட்டிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். சோதிக்கும் கருவி ஒன்றை வாங்கி, துரையின் காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டிலேயே பார்க்கவும் கற்றுக்கொண்டாள். மூன்றாம் வாரம் இருநூற்றுப் பத்துக்கு இறங்கியது. தண்ணீர்க் கிண்ணம் சாயங்காலம் வரை பாதி நிறைந்தே இருந்தது. கால் மட்டும் மெல்ல மெல்லத்தான் தேறியது. நாற்காலியில் ஏறும், ஜன்னலுக்குத் தாவாது.

பூட்டைக் கழற்றியது எப்போது என்றுகூட அவர் சொல்லவில்லை. நான்கைந்து நாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “சரி, போனது போகட்டும், விடேன்” என்றார்.

“எப்படிங்க போகும்? ஊரான் ஒருத்தன் எழுதினதை நம்பினீங்க. கூட இருந்தவ சொன்னதை நம்பலையே.”

மறுநாளிலிருந்து காலை ஊசி அவர் பொறுப்பு என்று அவளே முடிவு செய்தாள். முதல் நாள் பிடரித் தோலைத் தூக்கவே அவருக்குக் கை வரவில்லை, வியர்த்துக் கொட்டியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு, உதவாமல், பார்த்துக்கொண்டு நின்றாள்.