கன்னத்தில் ஒதுக்கியது

…அதுவும் வலது பக்கம்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தாள் அந்தப் பல் டாக்டர், மகள் வயதுதான் இருக்கும், வாயைத் திறந்த மாத்திரத்தில் "நாள் முழுக்க இந்தக் கன்னத்துல என்ன சார் வெச்சிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டாளே, புதினா மிட்டாய் என்று சொல்வதற்குள் அவருக்குக் காது வரை சூடாகிவிட்டது, ஐம்பத்தெட்டு வயதில் மிட்டாய் தின்று மாட்டிக்கொள்வதா. சொத்தைப்பல்லெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றல்லவா நினைத்திருந்தார். "பல் இருக்கிற வரைக்கும் சொத்தையும் இருக்கும் சார், வயசாக ஆக ஈறு ஒதுங்கி வேர் வெளியே வந்துடும், அந்த இடம் மெத்துனு இருக்கும், சர்க்கரைக்கு ரொம்ப வசதி." ஒரு பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, பக்கத்தில் இரண்டு அடுத்த வாரம் அடைக்க வேண்டும், மிட்டாய் இன்றோடு சரி, வேண்டுமானால் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாமாம்… புகார் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு சூயிங்கமா, தண்ணீர் வரவில்லை என்று கத்த வருகிறவர் சும்மா விடுவாரா? பேருந்து குலுங்கியது, பஞ்சை இறுக்கிக் கடித்துக்கொண்டார், அரை மணி நேரம் பேசக் கூடாது. உதட்டின் பாதி யாருடையதோ போல மரத்துக் கிடந்தது, கை மட்டும் தன்பாட்டுக்குச் சட்டைப்பையைத் துழாவிவிட்டுத் திரும்பியது.

சிகரெட்டை விட்டதற்குத்தானே மிட்டாய், மகள் இரண்டாம் வகுப்பில் மூக்கைப் பொத்திக்கொண்டு மடியிலிருந்து இறங்கிப் போன அன்று தொடங்கியது, மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிப் பெருமைப்படுவாள், ஒரே நாளில் விட்ட மனுஷன் என்று. அலுவலகத்தில் "மிட்டாய் சார்" என்று பெயரே வந்துவிட்டது, எவ்வளவு கத்தினாலும் ம் என்பார், எழுதிக்கொள்வார், மறுபடி ம், கத்துகிறவருக்கே வெட்கமாகிப் போய்விடும், என்ன பொறுமை சார் உங்களுக்கு என்பார்கள்… பொறுமையா அது? மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினால் எச்சில் தெறிக்கும், அவ்வளவுதானே. வீட்டிலும் அதே ம்தான், "உங்க அப்பாவுக்கு கரண்ட் போனாலும் ம், வந்தாலும் ம்" என்பாள் மனைவி, எல்லோரும் சிரிப்பார்கள், அவரும்தான். ஆனால் போன மாதம் அவள் சிரிக்கவில்லை, மகள்… புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தவள், துணி மடித்துக்கொண்டே, ஏதோ பால் தீர்ந்துபோனதைச் சொல்கிற குரலில் சொன்னாள், "என்னை உள்ள வெச்சு வெளியே பூட்டிட்டுத்தான்ப்பா அவர் வேலைக்குப் போறார். கேட்டா சாவி ஒண்ணுதான் இருக்காம்." பிறகு ஒரு தலையணை உறையை உதறி, அதைப் பார்த்துக்கொண்டே, "நான் இங்கயே இருந்துடவாப்பா?" அப்போதுதான் போட்ட மிட்டாய், ஓரம்கூடக் கரையவில்லை. ம் என்றார். சமையலறையில் மனைவி கேட்டது காதில் விழுந்தது, "அப்பா என்னடி சொன்னார்?" மகள் சொன்னாள், "ம்-ன்னார்." அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நேற்று மாப்பிள்ளை தொலைபேசியில், நாளைக்குச் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன் மாமா… அதற்கும் ம். பல் நேற்று இரவே வலிக்கத் தொடங்கியது நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியதே, சீ, என்ன மனுஷன்.

நிறுத்தம் வந்துவிட்டது. சாயங்காலம் வருவதாகச் சொன்னவரின் செருப்பு இப்போதே வாசலில், பளபளவென்று, சுவரை ஒட்டி நேராக. கூடத்தில் மகளின் பை, ஜிப் போட்டு நிறுத்தியிருந்தது, யார் போட்டது, அவளேவா, அம்மாவா? அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், வெளியே போகிற புடவை. மாப்பிள்ளை எழுந்தார், மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. "பல் எடுத்துட்டீங்க போலிருக்கே மாமா. பேசாதீங்க, ரெஸ்ட் எடுங்க. நாங்க அப்படியே கிளம்பிடறோம்." மனைவியும், "ஆமாங்க, நீங்க வாயைத் திறக்காதீங்க, ரத்தம் வரும்" என்றாள், எவ்வளவு கரிசனம் எல்லோருக்கும், தலையை ஆட்டினால் போதும், உள்ளே போய்ப் படுத்தால் போதும், விழிக்கும்போது பை இருக்காது. நாக்கு வலது பக்கம் போய்த் தேடியது, பஞ்சுதான் இருந்தது, உப்பாக. அரை மணி ஆகியிருக்குமா, ஆகாவிட்டால்தான் என்ன? கைகழுவும் தொட்டியில் துப்பினார், சிவப்பாகப் போனது, திரும்பி வந்து பையைத் தூக்கினார், நினைத்ததைவிடக் கனம், அவளுடைய அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து நின்றார்.

"அவ இங்கயே இருக்கட்டும் மாப்பிள்ளை."

பாதி உதட்டோடுதான் வந்தது, கடைவாயில் ஏதோ வழிந்தது, இருந்தாலும் தெளிவாகத்தான் வந்தது. மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார், அவள் சுவரைப் பார்த்தாள். "வலியில பேசறீங்க மாமா, அப்புறமா…" "வலி இல்ல. மரத்துப் போச்சு. இருக்கட்டும்." ஏதேதோ சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை செருப்பை மாட்டினார், நாளைக்குப் பெரியவர்களோடு வருவாராம், வரட்டும், படியிறங்கிப் போகிற சத்தம் தேய்ந்துபோயிற்று. இனி மகள் அழுவாள், அல்லது சிரிப்பாள், பக்கத்தில் வருவாள் என்று நின்றார். அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"இதை அன்னைக்கே ஏன்ப்பா சொல்லல?"

குரலில் கோபம்கூட இல்லை, ஒரு மாதமாக ராத்திரி எத்தனை முறை எழுந்து தண்ணீர் குடித்தாள், அந்தக் களைப்பு மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு வாயில் மிட்டாய் இருந்ததும்மா என்று சொல்ல வந்தார், எவ்வளவு அசிங்கமான பதில், ஆனால் அதுதானே உண்மை… உண்மைதானா? இத்தனை வருடமும் சொல்ல வேண்டியதையெல்லாம் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பதாகத்தான் நினைத்திருந்தார், மிட்டாய் கரைந்ததும் சொல்லலாம் என்று. அது தினமும் கரைந்துகொண்டுதானே இருந்தது, கரைந்த பிறகு, அடுத்ததை எடுப்பதற்கு முன், வாய் காலியாக இருந்த நேரங்களில்… அப்போது என்ன சொன்னார்? அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், உதட்டில் மெல்ல உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது.