வாசலில் கிடந்த பெட்டி

கிடங்கில் சரக்கு ஏற்றுகிறவன் முதுகில் டிஸ்க் விலகி மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்தான். கம்பெனி நஷ்டஈடாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி அனுப்பியது. வாங்கிக்கொண்டால், முழுசாகக் குணமாகிவிட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் முதுகு இரண்டாகப் பிளந்தாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

“வாடகை கேக்கற வீட்டு ஓனருக்கு என் முதுகைப் பத்தி என்ன கவலை? வாங்கிடலாம்,” என்றான்.

“வாங்கினப்புறம் உங்களைத் தூக்கி உட்கார வைக்கிறது யாரு, உங்க மேனேஜரா?” என்றாள் மனைவி.

முடிவு ஆகாமலே அவன் இடுப்புப் பட்டையோடும் அவள் முறைப்போடும் கம்பெனிக்குக் கிளம்பினார்கள்.

மேனேஜர் அறை வாசலை ஒரு பெரிய பெட்டி அடைத்துக்கொண்டு கிடந்தது. உள்ளேயிருந்து மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

“வாப்பா. வரும்போது அப்படியே அந்தப் பெட்டியையும் தூக்கிட்டு வந்துடு.”

பழக்க தோஷம், அவனும் கையை நீட்டிவிட்டான். பட்டை பிடித்து இழுத்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் மனைவி பெட்டிமேல் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜருக்கு முகம் வெளிறியது. “ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டேன்பா.”

“பரவாயில்ல சார். நானும் குட்டக் குட்டக் குனிஞ்சே பழகிட்டேன். இப்ப டாக்டர்தான் குனியவே கூடாதுன்னுட்டாரு. கையெழுத்து வேண்டாம், நான் வக்கீலைப் பார்த்துக்கறேன்.”

மனைவி நிதானமாக எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

“பெட்டியைத் தூக்கிக்குங்க சார்,” என்றாள். “உங்க முதுகு முழுசா குணமாத்தானே இருக்கு?”